ஆமை முட்டைகளும் நான் சொன்ன பொய்யும்

ஓசூர் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் செல்விக்கு நாகப்பட்டினம் பக்கம் ஊர். பொங்கல் லீவில் அவளோடு போயிருந்தேன். காலையில் கடற்கரையில் நாய் தோண்டிய குழியில் ஆமை முட்டைகள் கிடந்தன. தண்ணீரில் உருட்டி உருட்டிக் கழுவி, பையில் குலுங்கக் குலுங்கப் போட்டுக்கொண்டு, முட்டைகளைப் பாதுகாக்கும் அவளுடைய அண்ணியிடம் ஓடினேன்.

"உருட்டாம, குலுக்காமதானே கொண்டாந்த? இல்லன்னா உள்ளயே செத்துரும்மா."

"ஆமாக்கா" என்றேன்.

அவர் குழி தோண்டிப் புதைத்துக் காவல் காத்தார்.

இரண்டு மாதம் கழித்து கேன்டீனில் செல்வி சொன்னாள்: "ஒண்ணுகூட பொரிக்கலடி. தான் குழிய சரியா தோண்டலன்னு அண்ணி அழுவுறாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. தட்டிலிருந்த சோற்றைத் தின்று முடித்து வேலைக்குத் திரும்பினேன்.

தெரியாமல் செய்ததை அவர் மன்னித்திருப்பார். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.