நீரோட்டம் பார்த்த சென்சார்

உள்ளங்கையில் ஒரு சென்சாரை ஒட்டிக்கொண்டு கூடலூருக்குப் போனது என் தவறுதான். கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசான அந்தப் படலம் எங்கள் ஆய்வகத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. கையை மடக்கினால் தானும் மடங்கும். பக்கத்தில் காந்தம் வந்தால் செல்போன் திரையில் எண் ஏறும். அவ்வளவுதான் அதன் வேலை. பெரியப்பா வீட்டில் பெருமையடிக்கலாம் என்று எடுத்துப் போனேன்.

அவருடைய திராட்சைத் தோட்டத்தில் போர் வற்றியிருந்தது. புதுப் போருக்கு இடம் குறிக்க, நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயோடு வந்திருந்தார்.

"ஆத்தா, நீயும் அவுக கூடவே நட. ஒம் மெஷினு என்ன சொல்லுதுன்னு பாப்பம்," என்றார் பெரியப்பா.

"இது தண்ணியப் பாக்காது பெரியப்பா. காந்தத்த மட்டுந்தான் பாக்கும்."

"பூமிக்குள்ள காந்தம் இருக்குன்னு நீதான சொன்ன?"

சொல்லித்தான் இருந்தேன். நடந்தேன்.

பந்தலை ஒட்டிய வடமூலையில், நீரோட்டக்காரரின் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய், அடியில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக நிமிர்ந்து நின்றது. அதே நேரம் என் திரையில் எண் தாவியது. பெரியப்பா கும்பிட்டார். எனக்கே ஒரு கணம் புல்லரித்துவிட்டது. இன்றும் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பிறகுதான் நீரோட்டக்காரரின் மணிக்கட்டைப் பார்த்தேன். ரத்தக் கொதிப்புக்கு என்று விற்கிறார்களே, அந்தக் காந்தக் காப்பு. இடத்தைக் காட்ட அந்தக் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டியிருந்தார்.

காப்பைக் கழற்றி எட்ட வைக்கச் சொன்னேன். எண் இறங்கியது. மறுபடி மாட்டச் சொன்னேன். ஏறியது. வகுப்பில்கூட நான் இவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை.

"கழட்டுனா சக்தி போகத்தான செய்யும்," என்றார் நீரோட்டக்காரர், அமைதியாக.

"அவுகளும் சொல்லிட்டாக, சயின்ஸும் சொல்லிருச்சு. இங்கனயே போட்ருவோம்," என்றார் பெரியப்பா.

மறுநாள் போர் வண்டி வந்தது. சாயங்காலம் வரை வெள்ளைப் புழுதியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஓரத்துத் திராட்சைக் குலைகளெல்லாம் விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டன. நீரோட்டக்காரரைப் பெரியப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம்தான் திரும்பினார்.

"ஒம் மெஷினு குறுக்க பூந்து ஓட்டத்தக் கலைச்சிருச்சுன்னு அவுக சொல்றாக. அடுத்த தடவ பாக்கும்போது நீ வராம இருந்துக்க ஆத்தா."

கல்லூரியில் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆண்டின் அறிக்கையில், 'விவசாய நிலத்தில் சென்சார் களச்சோதனை செய்யப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தார். முடிவு என்ன என்று எழுத அதில் இடம் விடவில்லை.

கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.