விஜயராணி ஆண்ட காயல்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ராபியா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர்ப்பட்ட பேருக்கு ஆன்லைன் பாரம் நிரப்பிக் கொடுப்பவள் விஜயராணி. வயது நாற்பத்திரண்டு. ஆதாரில் முகவரி மாற்ற வேண்டுமா, பாஸ்போர்ட்டுக்கு நாள் குறிக்க வேண்டுமா, நேரே அவளிடம்தான் வருவார்கள். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் பாரத்து இங்கிலீஷ் அத்தனையும் அத்துப்படி. 'அப்ளிகண்ட்', 'ஃபாதர்ஸ் நேம்', 'பெர்மனென்ட் அட்ரஸ்' எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவாள். பாரத்துக்கு வெளியே போனால் அந்த இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு செய்யும். அதைச் சொல்லிக்காட்டினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும் என்பதால் நாமும் இத்தோடு விடுவோம்.

இப்பேர்ப்பட்டவள் ஒரு நாட்டை நூற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆண்டாள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் எவனோ ஏற்றிவிட்டுப் போன சரித்திர ஆட்டம் அது. ஆயிரத்து முந்நூறாம் வருஷத்து இந்துமாக் கடல் முழுக்க வரைபடமாக விரிந்து கிடக்கும். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, இருக்கிற நெல்லையும் உப்பையும் இரும்பையும் வைத்துப் பிழைத்துக் காட்ட வேண்டும். கூட்டம் இல்லாத ஒரு மதியம் சும்மா திறந்து பார்த்தவள், தெற்கு ஓரத்தில் காயல் என்ற துறைமுகத்தைக் கண்டதும் போட்ட கூச்சலில் ராபியாவின் கையிலிருந்த டீ சிந்திவிட்டது.

"ஏட்டி ராபியா, இது நம்ம ஊருப் பக்கம்லா!"

காயலில் முத்து உண்டு, உப்பு உண்டு, கப்பல் வந்து நிற்க நல்ல துறை உண்டு. சோறு மட்டும் கிடையாது. அரிசி வடக்கே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வரவேண்டும். இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை, காற்று திரும்பும்போது, வங்கத்துக் கப்பலில் வரவேண்டும். இரண்டுக்கும் முத்தைத்தான் விற்றாக வேண்டும். முத்தை மொத்தமாக விற்றால் விலை தொபுக்கென்று விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் நின்றது. ஏன் என்று பார்க்க அவள் ஒரே வருஷத்தை ஒன்பது தடவை திரும்பத் திரும்ப ஆடினாள். மற்றவர்கள் ஜெயிக்க ஆடுவார்கள். இவளுக்கு ஏன் என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். பாஸ்போர்ட் எடுக்க வந்த ஒருவனிடம் அவன் பிறந்த தேதியைக் கேட்பதற்கு முன்னால், "குதிரை வாங்கினா உப்பு ஏன் குறையுது தம்பி?" என்று கேட்டுவிட்டாள்.

"குதிரைக்கு உப்பு குடுக்கணும்லாக்கா" என்றான் அவன் சட்டென்று.

அவன் சுபின். செம்பூரில் வீடு, ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை, பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அவனும் சினேகிதர்களுமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை, அவரவர் வீட்டிலிருந்தே ஹெட்போனில் பேசிக்கொண்டு, இதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்களாம். ஆளுக்கொரு நாடு. எட்டாவது ஆள் ஒருவன் கழன்றுகொண்டிருந்தான். அந்த இடத்தில் விஜயராணி ஏறி உட்கார்ந்தாள். ஒரே ஒரு கறாரான விதி: தலைநகரம் போய்விட்டால், அடுத்த சித்திரையில் புது ஆட்டம் தொடங்கும்வரை வெளியே நிற்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கடையின் சாவியை ராபியா இதற்காகவே கொடுத்தாள். விஜயராணியின் புருஷன் இசக்கிதுரை பெல்ட் பட்டறையில் ஆறு நாள் முதுகொடிந்தவர், ஏழாம் நாள் மத்தியானம் அவரை இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது. "வாரம் பூரா அடுத்தவன் பேரத்தானட்டி எழுதுறேன்? நாலு மணி நேரம் என் பேருல ஒரு நாடு இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் விஜயராணி. அந்த நாலு மணி நேரத்துக்காக அவள் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருப்பாள்.

ஆனால் பாருங்கள், முதல் நாற்பது வருஷம் (ஆட்டத்து வருஷம்தான்) அம்மாள் ஒரு பெரிய கோட்டை விட்டாள். அவள் சந்தில் தண்ணீர் காலை ஐந்திலிருந்து எட்டு வரைதான் வரும். வந்தால் டிரம், குடம், பக்கெட், குக்கர், டம்ளர் எல்லாம் நிரப்பிவிட வேண்டும். நாளைக்கு வருமோ வராதோ, யார் கண்டது? அந்தப் புத்தியோடு காயலில் அரிசி கண்ட நேரமெல்லாம் வாங்கிக் குவித்தாள். கிடங்கு பிதுங்கியது. ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு முக்கோணம் மினுங்கியது. அதில் ஏதோ நீளமான இங்கிலீஷ். பாரத்தில் இல்லாத இங்கிலீஷ், அதனால் அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

ஒரு நாள் பிரிண்ட் எடுக்க வந்த சுபின் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "யக்கா, கிடங்கு கொள்ளாத அரிசி வருசா வருசம் அழுகிப் போகுதுன்னு போட்டிருக்கு. நாப்பது வருசமா எலிக்குப் பொங்கிப் போட்டிருக்கீங்க!"

விஜயராணிக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்குவதைக் குறைப்பாள் என்று நினைத்த சுபின் ஏமாந்தான். தன் வீட்டில் எல்லாம் நிரம்பிய பிறகும் தண்ணீர் வந்தால், அவள் சந்தில் யாரும் குழாயை மூடமாட்டார்கள், பைப்பைத் தூக்கி அடுத்த வீட்டு வாசலில் போடுவார்கள். அதையேதான் அவள் செய்தாள். கிடங்கு கொள்ளாத அரிசியைக் கப்பலில் ஏற்றி, சுபின் ஆண்ட மாலத்தீவுக்கு அனுப்பிவைத்தாள். அவனிடம் இருந்ததெல்லாம் சோழியும் கருவாடும்தான்.

"வெல என்னக்கா?"

"ஒண்ணும் வேண்டாம். கெடந்து அழுகுறதுக்கு நீ தின்னுட்டுப் போ."

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாலத்தீவில் சனம் பெருகியது. இருபதாயிரம் நாற்பதாயிரமாகி, அறுபதைத் தொட்டது. சோறு போட்டால் ஆள் பெருகும் என்று அவளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது. பெருகிய சனத்துக்கு அப்புறம் மிச்சத்தை அனுப்பினால் பற்றாது, பங்கு போட்டே ஆக வேண்டும் என்பதையும் அதுதான் கற்றுக்கொடுத்தது. சரி, நானே இழுத்துவிட்டது என்று பங்கு போட்டாள்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் வருஷம் வெங்கி வந்தான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பேங்க் அதிகாரி. ஆட்டத்தில் மைசூர்ப் பக்கத்துப் பெரிய ஒய்சள நாடு அவனுடையது, ஆனால் சொட்டுக் கடல் கிடையாது.

"தப்பா எடுத்துக்காதேள்க்கா. அரபுக் குதிரை இறக்க எனக்கு ஒரு துறைமுகம் வேணும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மரியாதையாகவே காயலைத் தரைப்பக்கம் முழுக்க வளைத்துக்கொண்டான். தஞ்சாவூர் வண்டி நின்றது. கடல் திறந்துதான் இருந்தது, ஆனால் வங்கத்துக் கப்பல் வர இன்னும் ஏழு மாதம்.

விஜயராணி கணக்குப் போட்டாள். காயல் மட்டும் தின்றால் கிடங்கு எட்டு மாதம் தாங்கும், தப்பித்துவிடலாம். மாலத்தீவுக்கும் கொடுத்தால் ஐந்தே மாதம். நிறுத்து என்ற பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "சுபின், ஒனக்குப் போற அரிசிய நிறுத்தட்டா?" என்று கேட்டாள்.

"நிறுத்துங்கக்கா. என் சனம் பாதி போயிரும், போகட்டும். வெறும் கேம்தானே."

விஜயராணி அம்புக்குறியை அந்தப் பொத்தானை விட்டு நகர்த்தினாள்.

"நெசமா இருந்தா நிறுத்திருப்பேனோ என்னமோ, யாரு கண்டா? எனக்கும் ரெண்டு புள்ளைய இருக்கு. கேம்தான, இதுலயாவது நிறுத்தாம இருந்து பாக்கேன்" என்றாள்.

ஐந்து மாதமும் கப்பல் போனது. ஐந்தாம் மாதக் கடைசியில் கிடங்கின் அடி தெரிந்தது.

"கதவத் தொறக்காதீங்கக்கா!" சுபின் கத்தினான். "சனம் பட்டினில செத்தாலும் கோட்ட நிக்கும். ரெண்டு மாசந்தான், கப்பல் வந்திரும். தொறந்தா நீங்க அவுட்டு!"

அவளுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை போய்விடும், சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த சித்திரை வரைக்கும் 'ஃபாதர்ஸ் நேம்' மட்டும்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள், மறைக்கவும் இல்லை. அழுதுகொண்டே, "தம்பி வெங்கி, கோட்டையத் தாரேன். மாலத்தீவுக்குப் போற கப்பல மட்டும் நிறுத்திராதீய" என்றாள்.

"சரிக்கா. சத்தியமா" என்றான் வெங்கி.

கதவு திறந்தது, தஞ்சாவூர் வண்டி மறுபடி உள்ளே வந்தது. காயல் ஒய்சள நிறத்துக்கு மாறியது. நாடு போனவருக்கு ஆட்டம் காட்டும் பட்டியல் ஒன்று எல்லார் திரையிலும் விரிந்தது. போர், படை, பணம் என்று எல்லாவற்றிலும் விஜயராணிக்குக் கடைசி இடம். அவள் ஒவ்வொரு வரியாக, பாரம் படிப்பதுபோல விரல் வைத்து, எழுத்துக்கூட்டிக் கீழே வரை போனாள். யாரும் அதுவரை போனதில்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது: பஞ்சத்தில் செத்தவர்கள். அவளுக்கு நேரே பூஜ்யம்.

"மத்தவங்களுக்கும் இந்த வரி உண்டா தம்பி?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

ஏழு பேரும் தங்கள் தங்கள் நாட்டுப் பட்டியலைத் திறந்து, மவுஸை உருட்டிக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. முதலில் வெங்கிதான் பேசினான்.

"எனக்கு மூணு லட்சத்துப் பதினாலாயிரம்க்கா."

விஜயராணி அதட்டவில்லை, குத்தியும் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அடப்பாவமே! அது எந்த வருசம் தம்பி? என்ன ஆச்சு அவுகளுக்கு?"

"தெரியலையேக்கா, இருங்கோ பாக்கறேன்" என்று வெங்கி பழைய வருஷங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.