மலைப் பூங்காவில் உடைத்த தேங்காய்

எண்பதுகளின் பிற்பகுதி. மொன்றியல் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு மாடி வீட்டில் அகதிகளாக நாங்கள் சில ஆண்கள் சேர்ந்து குடியிருந்தோம். எங்களில் ஒருவர் என் அக்காவின் கணவர். அத்தான் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஒக்டோபர் மாதம் அவர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது.

நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மட்டுந்தான் ஓய்வு. அன்றைக்காவது இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கலாம் என்றால், விடிந்ததும் விடியாததுமாகக் கோட்டும் சப்பாத்துமாகக் கட்டிலருகில் வந்து நிற்பார்.

"தம்பி, எழும்பு. சிலை பாக்கப் போவம்."

இங்கே வருமுன் அத்தான் வளைகுடா நாடொன்றில் லொறி ஓட்டியவர். அந்தப் பாலைவன ஊரில் சந்திக்குச் சந்தி வீடளவு கோப்பி ஊற்றும் கேத்தில், விளக்கு, சிப்பி என்று சிலை வைத்திருப்பார்களாம். வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் தேடிப்போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுப்பாராம். அந்தப் பைத்தியம் கடல் தாண்டியும் தொடர்ந்து வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இங்கே அவர் படம் எடுக்கவில்லை. வெண்கல ராஜா, குதிரையில் தளபதி, அங்கி போட்ட பாதிரியார் என்று ஒவ்வொன்றையும் சுற்றிவந்து, மேலும் கீழும் பார்த்து, "இது சரிவராது" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்கு நடப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கூட இவ்வளவு குறை பிடிக்கமாட்டார். குளிரில் மூக்கு ஒழுக நான் பின்னால் போவேன்.

போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னத்துப் படியில் வைத்து ஒருநாள், எதற்கு இந்த அலைச்சல் என்று கோபமாகவே கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. அத்தானின் அகதி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்தில் எவரும் ஒரு காரியத்துக்கும் போகமாட்டார்கள். அந்நாளில் நாங்கள் அறிய மொன்றியலில் பிள்ளையார் கோயில் கிடையாது. அதனால் பிள்ளையாருக்குப் பதிலாக ஒரு சிலையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்!

"அந்தத் தளபதி வாளோடை இருக்கிறார். மற்றச் சிலை ஒரு அரசியல்வாதி. இது செத்தவையின்ரை இடம், நல்ல காரியத்துக்கு இஞ்சை உடைக்கேலுமே?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "வீட்டுக் குசினியிலை உடையுங்கோவன், அத்தான்."

"குசினியிலை உடைச்சால் அது சம்பலுக்கு."

விசாரணை சரிவந்தால்தான் அக்காவையும் பிள்ளைகளையும் கூப்பிட முடியும். அவர்கள் போர் நடந்த எங்கள் ஊரில் ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழியே கதியென்று கிடந்தார்கள். பொலிஸோடு சின்னச் சிக்கல் வந்தாலும் வழக்கு கவிழ்ந்துவிடும் என்று நம்பி, தெருவில் துப்பக்கூடப் பயந்த காலம் அது. இந்த மனிதர் நடுத்தெருவில் தேங்காய் உடைக்கப் போகிறாராம்!

விசாரணைக்கு முந்திய ஞாயிறு, நகரத்துக்கு நடுவிலிருக்கும் மலைப் பூங்காவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். புல்வெளியில் யாரோ கலைஞர்கள் செய்து வைத்த சிற்பங்கள் ஆங்காங்கே நின்றன. அவற்றில் ஒன்று வெறும் சாம்பல் நிறக் கல். முகமில்லை, கையில்லை. நடுவில் மட்டும் வயிறுபோலப் பருத்திருந்தது. அத்தான் நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"இவர் சரி."

"இது ஆரோ வெள்ளைக்காரன் செதுக்கினது, அத்தான்."

"பிள்ளையாரையும் ஆரோ செதுக்கினதுதானே."

சொல்லிக்கொண்டே கோட்டுப் பைகளிலிருந்து தேங்காய், வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் எடுத்தார். அந்தக் குளிரில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். ஓடிப் பயிற்சி செய்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் இவரைத் தெரியாதவன்போல மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தான் தேங்காயைப் பாதையோரத்துப் பாறையில் ஓங்கி அடித்தார். சிற்பத்தில் அடிக்காத அளவுக்காவது அறிவிருந்தது. பிறகு கற்பூரத்தைக் கொளுத்தினார்.

அந்நேரம் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். குதிரையில் ஒரு பொலிஸ்காரர். சீருடை, இடுப்பில் துப்பாக்கி.

அடுத்த கணம் என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. நான் யோசித்துத் தூக்கவில்லை, அவை தாமாகப் போய்விட்டன. பக்கத்தில் பார்த்தால் அத்தானும் அப்படியேதான் நிற்கிறார். உயர்த்திய கையிலிருந்த தேங்காய்ப் பாதியிலிருந்து தண்ணீர் அவர் சட்டைக்கைக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிச் சிரிக்கத் தொடங்கிய பொலிஸ்காரர் பாதியிலே நிறுத்திவிட்டார். எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். குதிரையிலிருந்து இறங்கினார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, மெதுவாகக் கீழே தாழ்த்தினார். "டவுன், ப்ளீஸ்" என்றார். எனக்கு விளங்கியது, ஆனால் கை இறங்கவில்லை. அவர் திரும்ப அதட்டவில்லை. நாங்கள் கையைக் கீழே விடும்வரை அப்படியே நின்றார்.

எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் கோயில் இல்லை, வருகிற கிழமை விசாரணை என்று ஏதோ உளறினேன். அவர் கல்லைப் பார்த்தார், அத்தானின் வெறுங்காலைப் பார்த்தார். கும்பிட்டு முடியுங்கள், நெருப்பை நன்றாக அணைத்துவிடுங்கள், ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு போங்கள் என்றார். இதற்கிடையில் அவருடைய குதிரை தலையை நீட்டிப் படையல் வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டது.

"பாத்தியோ, பிள்ளையார் ஏத்துக்கொண்டிட்டார்!" என்றார் அத்தான், கண் கலங்க.

பஸ் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். "ஒரு கல்லுக்காக அக்காவையும் பிள்ளையளையும் நடுத்தெருவிலை விடப் பாத்தியளே! உங்களுக்கென்ன விசரே?"

அத்தான் காலுறையைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அந்தாள் வாய் திறக்க முதலே கையைத் தூக்கிப்போட்டமே, தம்பி. இஞ்சை வந்திட்டமெண்டு எங்கடை கைக்கு இன்னும் தெரியேல்லை."

பஸ் வரும்வரை கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

விசாரணை சரிவந்தது. பிறகு அக்காவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் அந்தக் கல்லின் அருள் என்று அத்தான் இன்றைக்கும் சாதிப்பார். நானும் விடாமல் மறுத்து வாதாடுவேன். கல்லைப்பற்றி அவர் என்னவும் சொல்லட்டும். கையைத் தூக்கு என்று அதட்டிய சீருடைகளை ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் கைகள் கீழே இறங்கும்வரை காத்து நின்ற சீருடை அது ஒன்றுதான்.