எட்டாவது தட்டு

கும்மி ஒத்திகை பார்க்க மூன்று மணிக்கு மேனேஜர் வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டரைக்குச் செல்வியின் கால்விரலைச் சின்னப்பொண்ணு மிதித்துவிட்டாள். மிதிபட்டது செல்வி, வேர்த்தது எனக்கு. பாட்டு நான் எழுதியது.

அப்போது சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் வருகை எழுதுவதும் பழம் எடை போடுவதும் வேலை. யாப்பு கற்றது மொபைலில் வீடியோ பார்த்து. நேர், நிரை பிரிக்க வந்ததும் தலைக்கனமும் வந்தது. வாட்ஸ்அப்பில் வெண்பா அனுப்பியே இரண்டு நண்பர்களை இழந்திருந்தேன். கோடை விழா மேடையில் எங்கள் எஸ்டேட் பெண்களுக்குக் கும்மியடிக்க இடம் கிடைத்ததும், "பாட்டு என் பொறுப்பு சார்" என்று நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

"ஒத்திகை பாப்பேன்யா. சொதப்பினா சேலத்துலேருந்து டான்ஸ் குரூப்பை எறக்கிடுவேன்" என்றார் மேனேஜர்.

பாட்டு இப்படிப் போகும்:

காப்பிப் பழஞ்செவந் தாடுதடி - நம்ம
கையெல்லாம் சேந்து பறிக்குமடி பெண்ணே

மெய்யெழுத்தை விட்டு எண்ணினால் ஒரு கைத்தட்டுக்கு மூன்று எழுத்து, இரண்டு அடிக் கண்ணிக்கு மொத்தம் எட்டுத் தட்டு. கடைசித் தட்டில் 'டி' மட்டும் தனியாக நின்றது. காலி இடத்தைக் கண்டால் ரைட்டர் கை சும்மா இருக்குமா? 'பெண்ணே' போட்டு நிரப்பினேன். பன்னிரண்டு கண்ணியிலும்.

"ஏனுங்க ரைட்டரே, இதுல திரும்ப எடமே இல்லீங்களே" என்றாள் செல்வி. கும்மிக்கு அவள்தான் தலைவி. என் மகள் வயசு.

"திரும்பறதுக்கும் பாட்டுக்கும் என்னம்மா?"

"குனிஞ்சு தட்டி, நிமுந்து, அந்தப் பக்கம் திரும்போணுமுங்க. அப்ப வாய் சும்மா இருந்தாத்தானுங்க மூச்சு வரும். நீங்க அங்கயும் பெண்ணே பெண்ணேங்கறீங்க. நாங்க பெண்ணுன்னு எங்களுக்கே தெரியாதுங்களா?"

"யாப்புப்படி சரிதான்" என்று முனகினேன்.

"அப்ப யாப்பையே வந்து ஆடச் சொல்லுங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. "மேடை பாக்க எங்க ஊட்ல அத்தன பேரும் வாராங்க. நொம்ப ஆசையா இருக்கோமுங்க. கெடுத்துப்போடாதீங்க."

வளைவில் மேனேஜரின் ஜீப் கியர் மாற்றும் சத்தம். பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு 'பெண்ணே'யையும் அடித்துத் தாளைச் செல்வியிடம் நீட்டினேன். பாட்டில் பன்னிரண்டு ஓட்டை விழுந்ததாகவே பட்டது. தப்பு வேறெங்காவது இருந்தால்?

மேனேஜர் முன்னால் வட்டம் சுற்றத் தொடங்கியது. 'பறிக்குமடி' என்று நிறுத்தினார்கள். வார்த்தை இல்லாத அந்த அரை நொடியில் எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். யார் காலும் யார் மேலும் படவில்லை. கடைசிக் கண்ணிவரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

"சேலத்துக்குப் போன் வேண்டாம்" என்றார் மேனேஜர். பிறகு என்னைப் பார்த்தார். "ஆடினது அவங்க. உனக்கு ஏன்யா இப்படி வேர்க்குது?"

பாட்டு எழுதும் தம்பி தங்கைகளுக்கு: சொல் நிற்கும் இடத்தை எண்ணுவதோடு, சொல் நிற்கக் கூடாத இடத்தையும் எண்ணுங்கள். அதைக் காகிதம் காட்டாது. இப்போதெல்லாம் கும்மி எழுதினால் எழுந்து, கை தட்டி, ஒரு சுற்று ஆடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.