பாதிப் பூசையில் நான் அடித்த ஹாரன்

நேற்று மாதா கோயில் வாசலில் ஒரு புண்ணியவான் கார் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான்.

நான்தான்!

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் கத்தோலிக்கர். நான் சித்தூரில் பழைய புராட்டஸ்டன்ட் மிஷன் சபை. நாங்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற மாட்டோம். (வீட்டில் கரண்ட் போனால் மட்டும் ஏற்றுவோம்.)

மகள் பிறந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். குழந்தை பிழைத்தால், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முழுப் பூசை பார்ப்பதாக என் மனைவி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு! இத்தனை வருஷமும் "அடுத்த மாசம் போலாம்" என்றே ஓட்டியவன் அடியேன்.

நேற்றுதான் மனசு வந்தது. அதுவும், திருப்பதிப் பக்கம் இருக்கும் அந்த மாதா கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே தலக்கோனா அருவியில் குளிக்கலாம் என்ற ஆசையில்.

பதினோரு மணிக்குப் பூசை. மனைவியும் மகளும் உள்ளே போனார்கள். நான் காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டேன். எங்கள் சபை ஆள் யாராவது பார்த்துவிட்டால்? (கமிட்டி மெம்பராச்சே!)

சாமியார் பிரசங்கம் முடிவதாக இல்லை. அரை மணி நேரம் பொறுத்தேன். ஒரு ஹாரன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை நீளமாகவே அடித்தேன்.

மகள் ஓடிவந்தாள்.

"நைனா! எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. அம்மா தலைய குனிஞ்சிக்கினு கீது!"

"அருவிக்கு லேட்டாவுது. கூட்டிக்கினு வா."

மனைவி வந்தாள். முக்காட்டைக்கூட எடுக்காமல் காரில் ஏறினாள்.

"இன்னும் அரை மணி நேரம் இருந்தா முடிஞ்சிருக்கும்."

"சாமி எங்க ஓடிடப் போவுது?"

"சாமி ஓடலங்க. நீங்கதான் ஓடிக்கினு கீறீங்க."

இவ்வளவு அவசரப்பட்டவன் வழியில் என்ன செய்தேன் தெரியுமா? பிரியாணிக் கடையில் ஒரு மணி நேரம்! (லெக் பீஸுக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பொறுமை இருந்தது.) பிறகு புளியமரத்தடியில் ஒரு தூக்கம் வேறு.

சாயங்காலம் தலக்கோனா கேட்டில் நின்றவர் கையை ஆட்டினார்.

"டைம் அயிபோயிந்தி சார். ரேப்பு ரண்டி."

நேரம் முடிந்துவிட்டதாம், நாளைக்கு வரச் சொல்கிறார்! அருவியின் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

காரைத் திருப்பினேன். பாகராபேட்டை தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"அடுத்த சனிக்கிழமை திரும்பக் கூட்டிக்கினு போறேன். முழுசா இருந்துட்டு வா."

"வேணாங்க. நானும் பாப்பாவும் பஸ்ல போய்க்கினு வரோம்."

கோபமே இல்லை. ராத்திரிக்கு இட்லியா தோசையா என்று கேட்கிற அதே குரல். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பதினான்கு வருஷம் காத்திருந்தவளுக்கு அரை மணி நேரம் கொடுக்க எனக்கு மனசில்லை.

நண்பர்களே, வர வேண்டாம் என்று சொன்ன மனைவியோடு அந்த பஸ்ஸில் ஏற ஏதாவது வழி இருந்தால் கமென்டில் சொல்லுங்கள்.

இந்த முறை நானும் உள்ளே போய் உட்காருகிறேன். யார் பார்த்தாலும் சரி.