அம்மா பயந்த நோய்

சவர்க்காரத்தில்தான் சண்டை தொடங்கியது. போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். கிடைக்கிற ஒரு கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, அப்பாவும் நானும் பொத்திப் பொத்திப் பாவித்தோம். அம்மாவோ காலையிலும் மத்தியானத்திலும் கிணற்றடிக்குப் போய், தன் உள்பாவாடைகளுக்கே அதைக் கரைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

"எணை அம்மா, உந்தச் சவர்க்காரத்தைத் தின்னுறியளோ?"

அம்மா கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். கலவரத்தில் கொழும்புக் கடை எரிந்து, அங்கே வேலை பார்த்த அப்பா உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கியபோதுகூட அழாதவர். நான் பயந்துபோனேன்.

"கடிக்குது பிள்ளை," என்றார். "கீழை. ஓரிடத்திலை இருக்கேலாமல் கடிக்குது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிப்பு மட்டுமில்லை, தயிர் திரைந்ததுபோல் வெள்ளையும் படுகிறது. சலம் போகும்போது எரிகிறது. கொஞ்ச நாள் குறைந்து, மறுபடி வருகிறது. கனகாலமாகவே இப்படித்தான். பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பெரியம்மா யோசிக்கவே இல்லை, உடம்புச் சூடு என்றுவிட்டார். எங்கள் ஊரில் கண் சிவந்தாலும் சூடு, எனக்கு முகப்பரு வந்தாலும் சூடு. எவள் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சூட்டுக்கு வைத்தியம் வெறும் வயிற்றில் இளநீரும், பனங்கற்கண்டு ஊறப்போட்ட தண்ணீரும். அம்மா ஒரு நாளும் தவறாமல் குடித்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. தாகம் கூடினால் சூடும் கூடிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் கற்கண்டு போட்டார்.

அப்போதுதான் மற்றவையெல்லாம் எனக்கு விளங்கின. அம்மா சாமி அறைக்குள் போவதை விட்டிருந்தார். மாதவிலக்கு நின்ற மனுசி, உடம்பு சுத்தமில்லை என்று வாசலிலேயே நின்று கும்பிட, அப்பாதான் விளக்கேற்றினார். அம்மா மெலிந்ததை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நாட்களில் யார்தான் கொழுத்திருந்தார்கள்? பாயை அப்பாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, குசினிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். அதையும் நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர் கேட்டால் என்னெண்டு சொல்லுறது? கொப்பர் கொழும்பிலை எத்தினை வருசம் தனிய இருந்தவர்..."

அங்கே யாரிடமோ பிடித்துக்கொண்டு வந்த நோய் என்று நினைத்திருக்கிறார். அப்பா அப்போது வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொழும்பில் யாரோடு இருந்தீர்கள் என்று எந்த மகள் தகப்பனிடம் கேட்பாள்? கேட்காமலே அவரை வெறுத்தேன்.

கடைசியில், கண் காட்டப் போகிறோம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் டொக்டர் இருந்தது எங்கள் நல்ல காலம். கெட்ட மணம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அம்மா. திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். வெளியே வந்து, கடியைப் பற்றி அல்ல, தாகத்தைப் பற்றிக் கேட்டார். இரவில் சலத்துக்கு எழும்புவதைப் பற்றியும் மெலிவைப் பற்றியும் கேட்டார். அம்மாவின் சலத்தை ஒரு நீல மருந்தோடு குழாயில் விட்டுச் சூடாக்கினார்கள். அது செங்கல் நிறத்துக்கு மாறியது.

"இது பங்கஸ், அம்மா," என்றார் டொக்டர். "பாணிலை பூஞ்சணம் பிடிக்கிறமாதிரி. ஆருக்கும் வரும். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் சீனியைப் பாக்கவேணும். உங்களுக்குச் சலரோகம் இருக்கு, நீரிழிவு."

அம்மா குனிந்தபடியே கேட்டார். "அப்ப... அவராலை வந்ததில்லையோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "இல்லை அம்மா. ஒருதராலையும் வந்ததில்லை."

அம்மா சிரித்தார். டொக்டர் சீனிக்கு விழுங்கவேண்டிய குளிசையைப் பற்றிச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றியும், மாதா மாதம் கிளினிக்குக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். அம்மா கேட்கவே இல்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பூசுவதற்கு ஒரு ஊதா மருந்து தந்தார்கள். கடி நின்றது. அம்மா தலைமுழுகி விளக்கேற்றினார். பாய் பழைய இடத்துக்கு வந்தது. அப்பா ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. பின்னேரங்களில் இரண்டு பேரும் வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டு பழங்கதை கதைப்பார்கள். அவர்களை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதே இல்லை.

குளிசை முடிந்தது. கிளினிக்குக்குப் போகச் சொன்னால் ஷெல்லடி என்பார், பஸ் இல்லை என்பார். "கடிதான் நிண்டிட்டுதே, இனி என்னத்துக்கு?" என்பார். கடி திரும்பி வந்தபோதும் அசையவில்லை. "உது சீனிதானே பிள்ளை," என்றார், நுளம்பு கடித்ததுபோல. நான் கத்தினேன், கற்கண்டை ஒளித்து வைத்தேன். நான் வெளிக்கிட்டதும் பனங்கட்டி வாங்கித் தேத்தண்ணியோடு கடித்துக் குடித்தார்.

மாரிமழை தொடங்கியபின் ஒரு காலை அம்மாவை எழுப்ப முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார்.

எல்லாக் காரியமும் முடிந்து சனம் போனபிறகு, அப்பா என் பக்கத்தில் வந்து இருந்தார். "சலரோக வருத்தம் எண்டு தெரியும்தானே பிள்ளை. ஏன் மருந்துக்குப் போகேல்லை? அவவுக்குச் சாகப் பயமில்லையோ?"

பயம் இருந்தது அப்பா, ஆனால் அது உங்களைப் பற்றியது, நீங்கள் குற்றமற்றவர் என்று கேட்ட அன்றே அவருக்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்று அந்த மனுசனிடம் எந்த வாயால் சொல்வேன்?