ஸ்ரீராம்புரத்துப் படிப்பகப் படம்

பெங்களூரில் எங்கள் நூலகக் கிளையில் ஒரு பீரோவுக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தோம். ஒன்றின் சாவி என்னிடம், மற்றொன்றின் சாவி ஆஸ்டின் டவுன் கிளையின் நூலகரிடம். ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் பீரோவைத் திறக்க அவர் அங்கிருந்து பஸ் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வர வேண்டும். அவர் வராத நாளில் எனக்கு அந்தப் பீரோ வெறும் இரும்பு. இந்த யோசனையைச் சொன்னவர் அவர்தான். அவர் சொல்லியிருக்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. நூலக வேலை அதை நன்றாக வளர்த்துவிட்டது. வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் சத்தம் வராமல் கிழித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டித் தேர்வுப் புத்தகத்தை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று ஆன்மிக வரிசைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, மறுநாள் பெரிய பக்திமான் மாதிரி அந்த வரிசை முன்னால் வந்து நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கையைப் பார்க்க வேண்டும். நான் எப்போதும் கையைத்தான் பார்ப்பேன்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு வேலை சொன்னார்கள். இரண்டிரண்டு கிளைகளாகச் சேர்ந்து, அந்தந்த வட்டாரத்து வீடுகளில் இருக்கும் பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கி, உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சி வைக்க வேண்டும். ஒரு வாரம் ஒரு கிளையில், அடுத்த வாரம் மற்றதில். படங்களை நகலெடுக்க ஸ்கேனர் வரும் என்றார்கள். அது வரவே இல்லை. அசலையே வைக்கும்படி ஆயிற்று.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர்தான் ஆஸ்டின் டவுன்காரர். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாதவர். வீட்டில் கன்னடம், வாசகர்களிடம் பழகிய சரளமான தமிழ். தேய்த்த சட்டை, நெற்றியில் சின்னதாகச் சந்தனம். முதல் நாளே, "சேர்ந்து பண்ணிடலாம் மேடம், ஏனு தொந்தரே இல்ல, ஒரு தொந்தரவும் இல்ல" என்று சிரித்தார். இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஓரடி பின்னால் தள்ளி நிற்கத் தோன்றும். வேலையை விட்டுப் போகப்போகிற நேரத்தில் இந்த மனிதருக்கு என்ன இவ்வளவு உற்சாகம்? படங்களைச் சேர்த்து தன் பெயரில் புத்தகம் போடப் போகிறாரோ? வாங்குவதற்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறாரோ? அவரும் என்னை விட்டுவைக்கவில்லை. கண்காட்சிப் பலகையில் தன் வட்டாரத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறேன் என்று, நான் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, சாண் போட்டு அளந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் கை பலகையின் நடுவில் விரிந்து கிடந்தது.

படம் கேட்டு வீடு வீடாகப் போனபோது ஜனங்கள் எங்களையும் அதே கண்ணால்தான் பார்த்தார்கள். "எதுக்கு மேடம் பழைய போட்டோ? அக்குப் பத்திரம் குடுக்கப் போறாங்களா, இருக்கிற வீட்டையும் புடுங்கப் போறாங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். வீட்டு உரிமைச் சீட்டுக்காக ஆயுசு முழுக்க அலைந்தவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது. என்னுடையதைப் போலவே சந்தேகக் கண் அது.

எங்கள் கிளைக்குப் பின்சந்தில் குடியிருந்த ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் அரிய படம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. விடியும் முன்பே தெரு கூட்டப் போய் மத்தியானம் திரும்புகிறவர். நூலகத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. பலமுறை நடந்த பிறகுதான் படத்தைக் கண்ணில் காட்டினார்.

தகரக் கூரை போட்ட சின்ன அறை. சுவரில் புத்தர் படம். பாயில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் முக்காலியில் ஒரு பெண் செய்தித்தாளை விரித்து உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். வாய் திறந்திருக்கிறது. ஏதோ ஒரு சொல்லுக்கு நடுவில் படம் பிடித்துவிட்டார்கள். எங்கள் கிளை வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால், தெரு கூட்டும் பெண்களே காசு போட்டு நடத்திய படிப்பகம் அது. படிக்கிறவள் இவருடைய அம்மா. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் இந்தத் தெருவில் நான்தான் முதல் நூலகர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மாவுக்கு இது ஒண்ணுதான் படம். போன்ல புடிக்காதீங்க. போன்ல போனா ஊர் ஊரா போவும், யார் யார் கையிலயோ மாட்டும்" என்றார்.

"புடிக்க மாட்டேங்க."

"திரும்ப எங்கையில நீங்களே தரணும். வேற யார்கிட்டயும் குடுத்தனுப்பக் கூடாது."

"நானே தரேன்" என்றேன். சட்டென்று வாக்குக் கொடுக்கிறவள் இல்லை நான். கொடுக்கிறவர்களை நம்புகிறவளும் இல்லை. அன்று கொடுத்தேன்.

கண்காட்சி தொடங்கும் நாள் காலையில் இருவருமாகப் பீரோவைத் திறந்து படங்களை எடுத்தோம். புதிய வரவுகள் வைக்கும் கண்ணாடி மேஜையில் படிப்பகப் படத்தை நட்ட நடுவில் வைத்தேன். நாலு மூலையிலும் காகித மடிப்புகளுக்குள் செருகி, கீழே என் கையால் எழுதிய அட்டை. மேலே கன்னடத்தில், கீழே தமிழில்: இந்தத் தெருப் பெண்கள் நடத்திய படிப்பகம். மேஜையின் கண்ணாடி மூடிக்குப் பூட்டு கிடையாது. இருந்த இரண்டு பூட்டையும் பீரோவுக்கே செலவழித்திருந்தோம்.

மத்தியானம் நல்ல கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்டின் டவுனிலிருந்து தங்கள் கால்பந்து அணிப் படத்தைப் பார்க்க ஆட்டோ வைத்து வந்த பெரியவர்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். என் அட்டை காணோம். அந்த இடத்தில் வேறு அட்டை, கன்னடத்தில் மட்டும்: முதியோர் கல்வி வகுப்பு.

ஆஸ்டின் டவுன்காரர் நின்றிருந்த கவுன்டருக்கு நேரே போனேன். "யார் சார் வகுப்பு எடுத்தாங்க? அவங்களேதான நடத்துனாங்க?"

"மேலிருந்து வந்து பார்த்தா, பர்மிஷன் வாங்கின படிப்பகமான்னு கேப்பாங்க மேடம். சும்னே எதுக்கு வம்பு?"

"தமிழ் வரி எங்க?"

"அட்டையில ஜாகா இல்ல."

"உங்க ஃபுட்பால் டீமுக்கு மட்டும் ஜாகா இருக்கா?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "இதத்தான் நான் அன்னிக்கே நெனச்சேன். உங்க ஏரியாவையே தூக்கி நிறுத்தணும், எங்களோடத மூலையில தள்ளணும். சாண் போட்டுப் பார்த்தேனே!"

"அளந்ததை நீங்களே ஒத்துக்கிட்டீங்க!"

'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று இருவரும் கத்தினோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கத்தி ஓய்ந்து திரும்பி வந்தால் மூட வேண்டிய நேரம் ஆகியிருந்தது. படங்களைப் பீரோவில் வைக்க ஒவ்வொன்றாக எடுத்தோம். கண்ணாடி மேஜைக்கு வந்தோம். நாலு காகித மடிப்பு மட்டும் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

மேஜைக்கு அடியில், நாற்காலிகளுக்கு அடியில், குப்பைக்கூடையில், எல்லா இடத்திலும் தேடினோம். நான் தேடிக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். அவர் தேடிக்கொண்டே என்னைப் பார்த்தார். கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "உங்க பையத் தெறங்க சார்."

அவர் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, குடை, மாத்திரை அட்டை, கர்ச்சீப். பிறகு அமைதியாக, "இப்ப நீங்க மேடம்" என்றார். நானும் கவிழ்த்தேன். தக்காளி உருண்டது. அவர் கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்தார். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், அப்போது இல்லை. ஆத்திரம்தான் இருந்தது. படம் இந்த மனிதரிடம்தான் எங்கேயோ இருக்கிறது, பையில் இல்லாவிட்டால் வேறெங்கோ, என்றே வீட்டுக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. படத்தில் படிக்கிற அந்த அம்மாவின் முகத்தை இந்த உலகத்தில் வேறு எங்கேயும் பார்க்க முடியாது. போனில்கூட இல்லை. பிடிக்க மாட்டேன் என்று சொன்னது நான்தான்.

மறுநாள் அந்தப் பெண்மணி வேலை முடிந்து வரும் நேரத்தில் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. நான் தனியாகப் போக அவர் விடவில்லை. அவரைத் தனியாக விட நானும் தயாராக இல்லை. பின்சந்தில் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தோம். பழி என்மேல் விழாமல் எப்படிச் சொல்வது என்று நான் மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் எங்களைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். "உங்க படம்... நான் பத்திரமாத்தான் வெச்சேன், ஆனா சார் அட்டைய மாத்தும்போது..." என்பதற்குள் ஆஸ்டின் டவுன்காரர், "கண்ணாடிய தெறந்து போட்டது மேடம்தாம்மா" என்றார். "நான் எங்க தெறந்தேன்?" என்றேன் நான். அந்த அம்மாள் மடித்த புடவையை ஓரமாக வைத்தார்.

"படம் எங்கிட்டதான் இருக்கு."

டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதே படம். அதே திறந்த வாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த கணமே கோபமும் வந்தது.

"சொல்லிட்டு எடுக்கக் கூடாதா? நாங்க எப்படித் தவிச்சோம்!"

"யார்கிட்ட சொல்றது? நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு இருந்தீங்க. பக்கத்துல வந்து நின்னேன். மேடம், மேடம்னு கூப்ட்டேன். காதுல வாங்கல. சரின்னு கண்ணாடியத் தூக்குனேன், எடுத்தேன், உங்க முன்னாடிதான் நடந்து வந்தேன்."

நான் அவர் கைகளைப் பார்த்தேன். விளக்குமாறு பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கை என் கண்ணெதிரில் கண்ணாடியைத் தூக்கியிருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை.

"இத்தன நாள் கழிச்சு, லைப்ரரிக்கு எதுக்கும்மா வந்தீங்க அன்னிக்கு?" என்று கேட்டார் ஆஸ்டின் டவுன்காரர். முதல்முறையாக அவர் குரலில் இனிப்பு இல்லை.

"எம்பொண்ணு பொம்மசந்திராவுல கம்பெனி வேலைக்குப் போவுது. அதுக்கு இது வேணாம். பழைய படத்த வெச்சு இன்னாம்மா பண்ணப்போறன்னு கேக்குது. நான் போயிட்டா இது குப்பைக்குதான் வரும். நான் குப்ப வார்றவ. யார் யார் அம்மா படமெல்லாம் குப்பையில வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஃப்ரேமோட வரும், பொட்டு வெச்சபடியே வரும். அதான் லைப்ரரிக்கே ஒரேயடியா குடுத்துடலாம்னு இருந்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி வெச்சுக்கிறீங்கன்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வெளியே நல்லிக் குழாயில் யாரோ குடம் வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. பை கவிழ்த்தபோது வராத வெட்கம் இப்போது மொத்தமாக வந்தது.

"இப்ப?" என்றேன்.

"இப்ப குடுக்க மாட்டேன்" என்று படத்தை மறுபடி துணிகளுக்கு அடியில் வைத்தார். "பார்க்கறேன்."

பார்க்கிறேன் என்றதைச் சும்மா சொல்லவில்லை. கண்காட்சி ஆஸ்டின் டவுனுக்குப் போய்த் திரும்பி, எங்கள் கிளையில் நிரந்தரமாக ஓர் அலமாரி ஒதுக்கிய பிறகும், வேலை முடிந்து குளித்துவிட்டு மத்தியானத்தில் வருகிறார். கவுன்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரிக்கிறார். அலமாரி வேலைக்காக ஆஸ்டின் டவுன்காரர் வரும் நாட்களில் அந்த அம்மாள் பக்கமே புரட்டுவதில்லை, பேப்பருக்கு மேலாக எங்களையே கவனிக்கிறார். நாங்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்கிறோம். "தமிழ் வரியைக் கொஞ்சம் பெரிசா போடலாமா மேடம்?" என்று அவர் கேட்கிறார். மனதிலிருந்து கேட்கிறாரா, எதிர் நாற்காலிக்காகக் கேட்கிறாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். என்னைப் பற்றியும் அவருக்கு அப்படியே இருக்கும்.

அலமாரியின் நடுவில் படத்துக்கான இடத்தை விட்டு, அட்டையை மட்டும் வைத்திருக்கிறோம். அட்டையை இருவருமாகச் சேர்ந்து எழுதினோம். அடுத்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார்.

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் அட்டையைப் படித்துவிட்டு, "படம் எங்க மேடம்?" என்று கேட்டாள். எதிர் நாற்காலியில் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. நான் ஆஸ்டின் டவுன்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"படத்துக்குச் சொந்தக்காரங்களுக்கு எங்க மேல இன்னும் நம்பிக்கை வரலம்மா" என்றேன்.

"வாஸ்தவம்" என்றார் அவர்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.